முத்தையாபுரத்துக்கு வந்த ஃப்ரிட்ஜ் பெட்டி

அப்பாவின் வேலையே பெட்டிக்குள் சாமான் அடுக்குவதுதான். துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருந்த ஒரு கண்டெய்னர் யார்டில் அவர் சூப்பர்வைசர். பனியன் கட்டு, தேங்காய் நார், பீங்கான், கருவாடு என்று எது வந்தாலும், கப்பல் இருபது நாள் ஆடினாலும் உள்ளே ஒன்றும் அசையாதபடி அடுக்கச் சொல்வது அவர் பொறுப்பு. வீட்டில் அம்மா சோற்றுப்பானையை இறக்கி வைத்தால்கூட அது எந்தப் பக்கம் சரியும் என்று அவர் கண் கணக்குப் போடும்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், பொங்கல் கழிந்து சில நாட்களில், அடுக்கி வைத்திருந்த மரப்பலகைகள் சரிந்து அவர் தொடைமேல் விழுந்தன. எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். ஒப்பந்த வேலை. முதல் இரண்டு மாதம் ஏதோ கொடுத்தார்கள், பிறகு கொடுக்கவில்லை. மே மாதப் பள்ளி விடுமுறையில் நாங்கள் வீடு மாறினோம்.

அதுவரை டவுனில் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். புது வீடு முத்தையாபுரத்தில். வாடகை பாதிக்கும் குறைவு என்பதை அம்மா என்னிடமும் தம்பியிடமும் சொல்லவில்லை. "அங்கன மாடிப்படி கிடையாது, அப்பா காலுக்கு நல்லது. காத்தும் நல்லா வரும்" என்று மட்டும் சொன்னாள். அது பொய்யில்லை. படி இல்லை, காற்றும் வந்தது. உப்பளத்திலிருந்து வந்ததால் உதட்டை நக்கினால் கரித்தது.

சாமான் கட்டும் பேச்சு வந்ததும் அப்பாவின் முகத்தில் பல நாளுக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது. நாற்காலியில் அமர்ந்தபடியே ஒரு தாளில் பட்டியல் எழுதினார். புது அட்டைப்பெட்டி பெரியது பத்து, சின்னது பத்து. முட்டை முட்டையாகக் காற்றடைத்த பிளாஸ்டிக் ஷீட் ஒரு ரோல். பிரவுன் டேப் ஆறு. மார்க்கர் பேனா இரண்டு. கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டு, யார்டில் போடுவது போலக் கையெழுத்தும் போட்டு அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா நின்றபடி முழுவதையும் படித்தாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுநாள் காலையில் அதே தாளின் பின்பக்கத்தில் துவரம் பருப்பு கால் கிலோ, நல்லெண்ணெய் நூறு என்று எழுதி என்னைக் கடைக்கு அனுப்பினாள். "அப்படியே அண்ணாச்சிகிட்ட காலிப் பெட்டி நாலு கேளு. சோப்புப் பெட்டி வேண்டாம், துணியெல்லாம் வாடை புடிக்கும். பிஸ்கட் பெட்டியாப் பாத்துக் கேளு" என்றாள்.

இப்படித்தான் எங்கள் வீடு மூட்டை கட்டப்பட்டது. பிஸ்கட் பெட்டி, வாழைப்பழ வியாபாரி கொடுத்த ஓட்டை போட்ட பெட்டி, அரிசிச் சாக்கு, வெங்காயம் வந்த வலைச்சாக்கு. தண்ணீர் டிரம்முக்குள் எங்கள் பாடப் புத்தகங்கள் போயின. இட்லிக் கொப்பரைக்குள் அஞ்சறைப் பெட்டியும், அதற்குள் சின்னக் கரண்டிகளும். கண்ணாடி டம்ளர் ஒவ்வொன்றையும் என் பழைய பள்ளிச் சாக்ஸுக்குள் விட்டாள். பீங்கான் தட்டுகளுக்கு நடுவில் அவளுடைய நூல் சேலைகளை மடித்து வைத்தாள். "சேலையும் எடுத்துட்டுப் போவணும், தட்டும் எடுத்துட்டுப் போவணும். ரெண்டும் ஒண்ணாப் போனா என்ன?" என்றாள். டேப் ஒன்றே ஒன்று வாங்கினோம். அதுவும் பெட்டியின் அடியில் ஒட்ட மட்டும். மேலே கட்டுவதற்கு மொட்டை மாடித் துணிக்கொடியை அறுத்தாள்.

அப்பாவுக்கு முதல் நாள் இதெல்லாம் பிடிக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் ஊரார் சரக்கை ஒழுங்காக ஏற்றிய மனிதரின் வீடு வெங்காயச் சாக்கில் போகிறதே என்ற வருத்தம். இரண்டாம் நாள் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. ஊன்றுகோலை நீட்டிப் பெட்டியைத் தட்டுவார். "ஆட்டிப் பாரு" என்பார். நானும் தம்பியும் பெட்டியை ஆட்டுவோம். உள்ளே கடகடவென்று சத்தம் வந்தால், "பிரி. எடம் கிடக்கு. இண்டுல துண்டத் திணி" என்பார். துண்டு தீர்ந்து, தலையணை உறை தீர்ந்து, கடைசியில் என்னுடைய அரையாண்டுத் தேர்வுத் தாள்களைக் கசக்கித் திணித்தோம். கணக்குத் தாளை நானே முந்திக்கொண்டு கொடுத்தேன். இப்போது வேலை மாற்றலில் நான் மூன்று முறை வீடு மாறிவிட்டேன். ஆட்கள் வந்து எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கால் சுற்றி எடுத்துப் போகிறார்கள். மூன்று முறையும் ஏதாவது உடைந்திருக்கிறது. அன்றைக்கு முத்தையாபுரத்தில் இறக்கியபோது ஒரு டம்ளர்கூட உடையவில்லை.

சாமான் கட்டத் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே ஃப்ரிட்ஜ் போய்விட்டது. என் மாமா, அம்மாவின் தம்பி, வீட்டுச் சாமான் விற்கும் ஒரு கடையில் எலக்ட்ரீசியனாக இருந்தார். அவர் இரண்டு பேரோடு லோடு ஆட்டோவில் வந்து ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு போனார். "கேஸ் போயிருச்சு. மாமா கடையில சர்வீஸ் பண்ணி நேராப் புது வீட்டுக்கு வந்துரும்" என்று அம்மா சொன்னாள். முந்தின நாள்வரை அதில் தண்ணீர் குளிர்ந்துதான் இருந்தது. எனக்கு அது உறைக்கவில்லை.

வீடு மாறுவதற்கு முந்தின நாள் மாமா தன் மொபெட்டின் பின்னால் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். கடையில் வாடிக்கையாளர் ஒருவர் விட்டுப்போன ஃப்ரிட்ஜ் பெட்டி. நாலு பக்கமும் ஃப்ரிட்ஜின் படம், உள்ளே ஆப்பிளும் கேரட்டும் அடுக்கி வைத்தது போல. பெட்டிக்குள் மூலைகளிலும் அடியிலும் தெர்மோகோல் கட்டைகள் இருந்தன. அம்மா அதில் தலையணைகளையும் போர்வைகளையும் அமுக்கி வைத்தாள். வீட்டிலேயே பெரிய பெட்டி அதுதான், வீட்டிலேயே கனமில்லாத பெட்டியும் அதுதான்.

மறுநாள் ஒரு குட்டியானை வண்டியில் எல்லாம் ஏறியது. முத்தையாபுரத்துத் தெருவில் வண்டி நின்றதும் வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். மாமா ஃப்ரிட்ஜ் பெட்டியை ஒற்றை ஆளாகத் தோளில் சாய்த்தார். அம்மா கிட்டே போய்க் குரலைத் தாழ்த்தி, "ஏலே, டிரைவரையும் ஒரு கை புடிக்கச் சொல்லு" என்றாள்.

"எதுக்குக்கா? தலையாணிதான?"

"புடிக்கச் சொல்லுலே."

ஆறு தலையணையை இரண்டு ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பார்த்துப் பார்த்து உள்ளே கொண்டுபோனார்கள். நான் சிரித்தேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றுவிட்டது.

பெட்டியை முன்னறையில் ஜன்னலோரம் நிறுத்தினார்கள். அது மேற்குப் பார்த்த ஜன்னல். கூரை ஆஸ்பெஸ்டாஸ். அலமாரி எதுவும் வைக்காத அந்த வெற்றுச் சுவரில் பெட்டி நிற்பது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மற்ற பெட்டிகளையெல்லாம் அம்மா அன்றைக்கே பிரித்துவிட்டாள். அதை மட்டும் பிரிக்கவில்லை. ராத்திரி தலையணை வேண்டுமென்றால் மேல் மடிப்பைத் திறந்து எடுத்துக்கொள்வோம், காலையில் திரும்ப வைத்துவிடுவாள்.

பக்கத்து வீட்டு அத்தை வந்தது மூன்றாம் நாள் மத்தியானம். அத்தை என்றால் உறவில்லை, அப்படிக் கூப்பிடச் சொல்லி அம்மா பழக்கியிருந்தாள். அவருடைய கணவர் உப்பள லாரி ஓட்டுகிறவர். அம்மாவும் மாமாவும் அப்பாவை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். வீட்டில் நானும் தம்பியும்தான்.

"ஏளா பாப்பா, அம்மா இல்லையா?" என்றபடி உள்ளே எட்டிப் பார்த்தார். கையில் ஒரு சின்ன மருந்து டப்பா. "இத உங்க ஃப்ரிட்ஜுல ஒரு ஓரமா வச்சிரு. எங்க வீட்டுக்காரருக்குச் சுகர் ஊசி மருந்து. முக்கு கடை அண்ணாச்சி ஃப்ரிட்ஜுலதான் எப்பவும் வைக்கது. அவுக ஊருல கோயில் கொடைத் திருவிழான்னு கடையப் பூட்டிட்டுப் போயிட்டாவ. வெளிய வச்சா கெட்டுப்போவும், பாத்துக்க."

ஃப்ரிட்ஜ் இன்னும் வரவில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் "உங்க ஃப்ரிட்ஜுல" என்று சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. புதுத் தெருவில் எங்களிடம் ஒருவர் ஒன்றைக் கேட்டு வந்திருக்கிறார். சாயந்தரத்துக்குள் ஃப்ரிட்ஜ் எப்படியும் வந்துவிடும் என்றும் நினைத்தேன். சரி அத்தை என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

அதுவரைக்கும் எங்கே வைப்பது என்று யோசித்தேன். தெர்மோகோல் நினைவுக்கு வந்தது. மீன் விற்க வருகிறவர்கள் எல்லாரும் தெர்மோகோல் பெட்டியில்தான் மீன் கொண்டுவருவார்கள், தொட்டால் சில்லென்று இருக்கும். அந்தக் குளிர்ச்சி ஐஸால் வருவது, தெர்மோகோலால் வருவதில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. தலையணைகளை விலக்கி, அடியில் இருந்த தெர்மோகோல் பள்ளத்தில் டப்பாவைப் பத்திரமாக வைத்து, மேலே போர்வையால் மூடினேன். அப்பா சொல்வது போல அசையாதபடி இண்டில் ஒரு துண்டையும் திணித்தேன்.

சாயந்தரம் மாமாவிடம், "ஃப்ரிட்ஜ் எப்ப மாமா வரும்?" என்று கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள். "வரும்ளா, கடையில ஆளு இல்ல" என்றார் மாமா. மறுநாள் தெருப்பிள்ளைகள் என்னையும் விளையாட்டில் சேர்த்துக்கொண்டார்கள். மருந்தை நான் மறந்தே போனேன்.

அதற்கும் மறுநாள் காலையில் குழாயடியில் நின்றபோது பக்கத்து வீட்டு அத்தை சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "பாப்பா, அந்த மருந்த அப்புறமா எடுத்துட்டு வா. பழசு காலையோட தீந்துட்டு. சாயந்தரம் புதுசத்தான் பிரிக்கணும்" என்றார்.

நான் குடத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். பெட்டிக்குள் தலையை விட்டு டப்பாவைத் துழாவி எடுத்தபோது அம்மா பின்னால் நின்றாள். என் கையிலிருந்து வாங்கி டப்பாவைத் திறந்து குப்பியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்திருக்க வேண்டும்.

"இது என்னது?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஃப்ரிட்ஜ் வந்ததும் மாற்றி வைக்கலாம் என்று இருந்தேன் என்பதையும் சொன்னேன். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். அம்மா அடிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பாவைப் பார்க்க வந்திருந்த மாமா குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "தண்ணி மாதிரித் தெளிவாத்தான்க்கா இருக்கு. பேசாம குடுத்துருவோம்."

நாற்காலியிலிருந்து அப்பா சொன்னார். "பாத்தா ஒண்ணும் தெரியாது மாப்ள. குளிர் கண்டெய்னர்ல கரண்டு கொஞ்ச நேரம் நின்னுபோனாலும் எறால் பாக்க அப்படியேதான் இருக்கும். ஒருத்தனும் வாங்க மாட்டான். இது மனுசன் ஒடம்புக்குள்ள போறது."

மாமா குப்பியை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போய்க் கேட்டார். இந்த வெயிலில் இரண்டு நாள் இருந்ததை நம்ப முடியாது, புதிதாக வாங்கிக்கொள்வதுதான் நல்லது என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். மாமா அங்கேயே தன் கைக்காசில் புதிது ஒன்று வாங்கி, பிளாஸ்டிக் பையில் ஐஸ் போட்டுக் கொண்டுவந்தார். அதே பெயர், அதே நீல மூடி, அதே டப்பா.

"ஒரு வித்தியாசமும் இல்லக்கா. பிள்ளைகிட்ட குடுத்து அனுப்பிரு. அவங்களுக்கு எதுவும் தெரியப் போறதில்ல" என்றார்.

நான் கையை நீட்டினேன். அம்மா கொடுக்கவில்லை. உள்ளே போய் முகம் கழுவினாள். தலையை வாரி முடிந்துகொண்டாள். சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தாள். வெளியே வந்து மருந்தை ஒரு கையிலும் என் மணிக்கட்டை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, "வா" என்றாள்.

"நான் எதுக்கும்மா?"

"வா."

பக்கத்து வீட்டு அத்தை வாசலில் அமர்ந்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். எதிர்வீட்டு அக்காவும் கூட இருந்தார். அவர் முன்னால் வேண்டாமே என்று நான் அம்மாவின் கையை இழுத்தேன். அம்மா நின்ற இடத்திலிருந்தே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, இது புதுசா வாங்குன மருந்து. நீங்க குடுத்தது வெக்கையில கெட்டுப்போச்சு. எங்க வீட்டுல ஃப்ரிட்ஜ் இல்ல."

அத்தை மீனைக் கீழே வைத்தார்.

"இருந்துச்சு. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வித்துட்டோம். இவளுக்கு அது தெரியாது. சர்வீசுக்குப் போயிருக்கு, வந்துரும்னு நாந்தான் சொல்லி வச்சிருந்தேன். வந்துரும்னு நம்பி வாங்கிட்டா. பிள்ளை மேல தப்பு இல்லக்கா, எம்மேலதான்."

"அப்போ அந்தப் பெட்டி?" என்றார் எதிர்வீட்டு அக்கா.

"தம்பி கடையிலருந்து வந்த காலிப் பெட்டி. புதுப் பெட்டி வாங்கக் காசில்ல. தலையாணி வச்சுக் கொண்டாந்தோம்."

"ரெண்டு பேரு மூச்சப் புடிச்சுத் தூக்கிட்டுப் போனாங்களே."

"நாந்தான் அப்படித் தூக்கச் சொன்னேன்" என்றாள் அம்மா.

எதிர்வீட்டு அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, புறங்கையால் வாயை மூடிக்கொண்டார். பக்கத்து வீட்டு அத்தை சிரிக்கவில்லை. மீன் கையைச் சேலையில் துடைத்துவிட்டு மருந்தை வாங்கிக்கொண்டார். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு எதுக்குளா இப்படி நிக்க? எங்க வீட்டுலயுந்தான் இல்ல. இருந்தா ஒங்கிட்ட ஏன் கொண்டாந்து குடுக்கேன்?" என்றார். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "வீட்டுக்காரரு காலை இப்ப ஊனுதாரா?" என்று கேட்டார்.

"கம்ப வச்சு ஊனுதாரு."

"உக்காரு. நின்னுக்கிட்டே போவாத." அம்மா படியில் உட்கார்ந்தாள். என் மணிக்கட்டை மட்டும் விடவில்லை. அவர்கள் கம்பி வைத்த தொடையைப் பற்றியும், எந்த எண்ணெய் தேய்க்கலாம் என்பதைப் பற்றியும் பேசினார்கள். எழுந்து வரும்போது அத்தை, "அந்தத் தெர்மோகோல் சும்மா கிடந்தாக் குடு. இவரு வரும்போது மீன் வாங்கிட்டு வர ஆவும்" என்றார். அம்மா சரியென்றாள்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் நான் கையை உதறினேன். அன்றைக்கு அம்மா அந்தப் பெட்டியைப் பிரித்து, அரிவாள்மனையால் ஓரங்களை அறுத்து, அப்பாவின் பாய்க்கு அடியில் விரித்தாள். தரை ஈரம் காலுக்கு ஆகாது. தெர்மோகோலைத் தம்பி கொண்டுபோய்க் கொடுத்தான். அம்மா கூப்பிட்டதற்கு இரண்டு நாள் நான் பதில் சொல்லவில்லை. அப்பாவிடமும் மாமாவிடமும் அவளைப் பற்றிக் குறை சொன்னேன். புது மருந்து கையில் இருந்தது. கொடுத்துவிட்டு வந்திருந்தால் முடிந்துபோயிருக்கும். தெருவில் எல்லாருக்கும் தெரியும்படி எதற்காக அப்படிச் சொல்ல வேண்டும்? சொல்லத்தான் வேண்டுமென்றால் தனியாகப் போய்ச் சொல்லியிருக்கலாம். குற்றவாளி மாதிரி என்னைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு ஏன் சொன்னாள்? அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவ ஒன்னைய அங்க நிறுத்துனது அதுக்கில்லளா" என்று மட்டும் சொன்னார்.

ஃப்ரிட்ஜ் விற்றுப்போனது, ஆஸ்பத்திரிக்குக் காசில்லாமல் போனது, நாங்கள் எதற்காக அந்த வீட்டுக்கு வந்தோம் என்பது எல்லாம் எனக்கு அந்த வாசலில்தான் தெரிந்தது. எங்கள் வீட்டுக்குள் எங்களை உட்காரவைத்து என் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளால் முடிந்திருக்காது. அதனால் வேறொருத்தியிடம் சொன்னாள், நான் கேட்கிற தூரத்தில் என்னை நிறுத்திக்கொண்டு சொன்னாள். பத்து வயதில் நான் அறிந்தது, அவள் பிடித்த இடம் வலித்தது என்பது மட்டும்தான்.